நைட்ரோ ஆர்.சி. டிரக் இசைவாக்கம்

நைட்ரோ ஆர்.சி. டிரக் என்பது வானலை மூலம் தொலைவிலிருந்து இயக்கப்படுவதும், நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் சிறு உள்ளெரி பொறியைக் கொண்டதுமான மாதிரிச் சரக்குந்து ஆகும். பொறிக்குள் செல்லும் எரிபொருளுக்கும் காற்றுக்கும் இடையேயான விகிதத்தை அன்றைய வானிலைக்கும் வண்டியின் நிலைக்கும் ஏற்பத் திருத்தி அமைப்பது இசைவாக்கம் எனப்படும். பொழுதுபோக்காளர்கள் இதனை டியூனிங் என்றே வழங்குவர். ஆலையில் பொருத்தப்பட்ட உறுப்புகளை நீக்கி, அவற்றிலும் வலுவான அல்லது வேகம் தரக்கூடிய உறுப்புகளைப் பொருத்துவது மேம்படுத்தல் ஆகும். இத்துறைக்குப் புதிதாக வருவோர் பலர் இரண்டாவதிலிருந்தே தொடங்குகின்றனர். ஆனால் புதுப் பொறி விரைவில் பாழாவது பெரும்பாலும் கலவையைத் தவறாக அமைப்பதாலும் காற்று வடிகட்டியைக் கவனிக்காமல் விடுவதாலுமே.

பின்னணி

இவ்வகைப் பொறிகள் மாதிரி விமானங்களிலிருந்து வந்தவை. தொடக்கத்தில் மாதிரி விமானப் பொறிகளுக்குத் தீப்பொறி தரும் சுருளும் மின்கலமும் தேவைப்பட்டன. அமெரிக்கரான ரே ஆர்டன் 1947 இல் அறிமுகப்படுத்திய குளோ பிளக், இவ்விரண்டின் எடையையும் நீக்கியது. பின்னர் அதே பொறிகள் மாதிரித் தானுந்துகளுக்கும் வந்தன.

நீண்ட காலம் வரை இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் பிரித்த உறுப்புகளாகவே பெட்டியில் விற்கப்பட்டன. வாங்கியவர் தாமே பூட்டி முடிக்கும்போது எந்த உறுப்பு என்ன செய்கிறது என்பதையும் கற்றுக்கொண்டார். ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தைச் சேர்ந்த டிராக்சஸ் நிறுவனம் 1999 இல் வெளியிட்ட டி-மேக்ஸ், முழுதும் பூட்டப்பட்ட நிலையில் விற்பனைக்கு வந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. நாற்சக்கர இழுவை, இரு கியர்கள், பின்னோக்கிச் செல்லும் வசதி, ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீதம் எட்டு அதிர்வு தாங்கிகள், பொத்தானை அழுத்தினால் பொறியைச் சுழற்றும் மின் இயக்கி ஆகியவை இதில் இருந்தன. இதனைத் தொடர்ந்து எச்.பி.ஐ. நிறுவனத்தின் சாவேஜ், டிராக்சஸ் நிறுவனமே 2004 இல் வெளியிட்ட ரெவோ முதலியவை வந்தன. பூட்டத் தெரியாதவரும் வண்டி வாங்கலாம் என்ற நிலை ஏற்பட்டதால், பொறி முதன்முறை நின்றுபோகும் நாளில்தான் பலர் கார்புரேட்டரையே உற்றுப் பார்த்தனர். தொடக்கநிலையாளருக்கான இசைவாக்கம் என்பது தனியே பேசப்படும் பொருளானதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொறிகளின் பெயரில் வரும் .12, .15, .21 போன்ற எண்கள் கன அங்குலத்தில் அவற்றின் கொள்ளளவைக் குறிக்கின்றன. .15 என்பது ஏறத்தாழ 2.5 கன செ.மீ.; .21 என்பது ஏறத்தாழ 3.5 கன செ.மீ. முதல் டி-மேக்ஸ் வண்டியில் .15 பொறி இருந்தது. பின்னர் 3.3 கன செ.மீ. பொறியுடன் வந்த டி-மேக்ஸ், மணிக்கு 70 கி.மீ. அளவுக்கு ஓடக்கூடியது.

எரிபொருளும் பொறியும்

நைட்ரோ எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால் ஆகும். நைட்ரோமீத்தேன் பொதுவாக 10 முதல் 30 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. மீதமுள்ளது ஆமணக்கெண்ணெய், செயற்கை எண்ணெய் அல்லது இரண்டும் சேர்ந்த மசகெண்ணெய். கன்னெய் எனப்படும் பெட்ரோலை இப்பொறியில் ஊற்றக்கூடாது.

நைட்ரோமீத்தேன் தன் மூலக்கூற்றிலேயே ஆக்சிசனைச் சுமந்து வருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிலோ காற்றும், ஒரு கிலோ மெத்தனாலுக்கு சுமார் 6.4 கிலோ காற்றும் வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். எனவே உருளைக்குள் நுழையும் அதே அளவு காற்றைக் கொண்டு மிகுதியான எரிபொருளை எரிக்க முடிகிறது, ஆற்றலும் கூடுகிறது. 10 விழுக்காட்டிலிருந்து 30 விழுக்காட்டுக்கு மாறும் ஒருவர் ஊசியைச் சற்றுத் திறந்துவிட வேண்டியிருப்பதும் இதனாலேயே. எரிபொருளை மாற்றியபின் பழைய அமைப்பிலேயே ஓட்டினால் கலவை மெலிந்துவிடும்.

இது ஈரடிப் பொறி. தனியான எண்ணெய்த் தேக்கம் இதில் கிடையாது. பிஸ்டன், இணைப்புத்தண்டு, பேரிங்குகள் அனைத்துக்கும் எரிபொருளோடு வரும் எண்ணெயே மசகு. அதுமட்டுமன்று, மெத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல் மூன்று மடங்கு அளவுக்கு வெப்பத்தை உறிஞ்சுவதால், உள்ளே செல்லும் எரிபொருளே பொறியைக் குளிர்விக்கவும் செய்கிறது. ஆகவே எரிபொருளைக் குறைப்பவர் மசகையும் குளிர்ச்சியையும் சேர்த்தே குறைக்கிறார். பெரிய தானுந்தில் கலவை சற்று மெலிந்தால் எண்ணெய்த் தேக்கம் காப்பாற்றும். இங்கே அந்தக் காப்பு இல்லை.

குளோ பிளக்கின் உள்ளே பிளாட்டினம் கலந்த கம்பிச் சுருள் இருக்கும். தொடக்கத்தில் சுமார் 1.5 வோல்ட்டு மின்கலத்தால் அது செந்தணலாக்கப்படுகிறது. பொறி ஓடத் தொடங்கியதும் மின்கலம் அகற்றப்படும். அதன்பின் அழுத்தத்தின் வெப்பமும், மெத்தனாலுடன் பிளாட்டினத்தின் வினையூக்கச் செயலும் சுருளைத் தணலாகவே வைத்திருக்கின்றன.

பழக்கி ஓட்டுதல்

பல நைட்ரோ பொறிகளில் அலுமினியப் பிஸ்டனும் குரோமியம் பூசிய பித்தளை உறையும் உள்ளன. பிஸ்டன் வளையம் கிடையாது. உறையின் மேற்பகுதி சற்றே குறுகலாகக் கடையப்பட்டிருக்கும். குளிர்ந்த நிலையில் பிஸ்டன் மேலே சென்றதும் இறுகி நிற்பதைப் புதியவர்கள் பழுது எனக் கருதுவதுண்டு. அது வேண்டுமென்றே அமைக்கப்பட்ட இறுக்கம். பொறி சூடானதும் பித்தளை உறை விரிந்து, பிஸ்டனுக்குச் சரியான இடைவெளி கிடைக்கிறது.

இவ்விரண்டு பரப்புகளும் ஒன்றுக்கொன்று இணங்கும்வரை மிதமாக ஓட்டுவதே பழக்கி ஓட்டுதல். ஒரு தொட்டி எரிபொருள் முழுவதையும் நின்ற இடத்திலேயே மெதுவாக ஓடவிட்டுத் தீர்ப்பது பழைய முறை. அவ்வாறு செய்தால் பொறி உரிய வெப்பத்தை எட்டுவதில்லை. விரியாத உறையில் பிஸ்டன் உரசிக்கொண்டே இருக்கும் என்பது இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படுவது. இக்கருத்தே வலுவானது. செறிந்த கலவையில் வண்டியைச் சில நிமிடங்கள் ஓட்டி, 90 முதல் 105 °செ வரை சூடேற்றி, முழுதும் ஆறவிட்டு, மீண்டும் ஓட்டுவது இன்று பலர் பின்பற்றும் முறையாகும். டிராக்சஸ் கையேடு, ஐந்து தொட்டி எரிபொருள் தீரும்வரை விசையைப் படிப்படியாகக் கூட்டி ஓட்டும்படி கூறுகிறது. எம்முறையாயினும், ஓட்டி முடித்தவுடன் பறப்புச்சக்கரத்தைக் கையால் திருப்பி பிஸ்டனைக் கீழ்நிலையில் விடுவது நன்று. மேலே நிற்கவிட்டால் ஆறும் உறை அதன்மீது சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

கார்புரேட்டரின் மூன்று திருகுகள்

இசைவாக்கம் முழுவதும் மூன்று திருகுகளில் அடங்கும். மேல்வேக ஊசி, பொறிக்குச் செல்லும் எரிபொருளின் மொத்த அளவையும் நிர்ணயிக்கிறது. கீழ்வேக ஊசி, பொறி மெதுவாக ஓடும் நிலையிலும் விசையைத் திறக்கும் முதல் நொடியிலும் செல்லும் எரிபொருளை ஆள்கிறது. மூன்றாவதான ஓய்வோட்டத் திருகு எரிபொருளைத் தொடுவதில்லை. விசை முழுதும் மூடிய நிலையில் காற்று நுழைய எவ்வளவு இடைவெளி இருக்கவேண்டும் என்பதை மட்டும் அது தீர்மானிக்கிறது. ஊசிகளை வலஞ்சுழியாகத் திருகினால் வழி மூடிக் கலவை மெலியும். இடஞ்சுழியாகத் திருகினால் வழி திறந்து கலவை செறியும்.

எங்கே தொடங்குவது எனத் தெரியாதபோது கையேட்டில் உள்ள ஆலை அமைப்புக்குத் திரும்புவதே வழி. ஆலை அமைப்பு எப்போதும் செறிவான பக்கத்தில் இருக்கும். பொறி நன்கு சூடேறும் முன்னர் எத்திருகையும் தொடக்கூடாது. குளிர்ந்த பொறியில் செய்த திருத்தம் ஐந்து நிமிடத்தில் பொய்யாகிவிடும். ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், அதிலும் எட்டில் ஒரு சுற்று, சரியான நிலை நெருங்கும்போது பதினாறில் ஒரு சுற்று என்ற அளவில் மட்டுமே திருப்ப வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னரும் வண்டியைச் சிறிது தூரம் முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும்.

முதலில் மேல்வேக ஊசி. கலவை மிகச் செறிந்திருந்தால் புகை அடர்த்தியாக வரும். வண்டி சோம்பலாகக் கிளம்பும். ஓசை தொண்டை கட்டியது போல் இருக்கும். இரண்டாம் கியருக்கு மாறவே மாறாது. மெலிந்திருந்தால் புகை அற்றுப்போகும். வண்டி பாய்ந்து கிளம்பி நடுவழியில் மூச்சிழக்கும். ஓட்டி நிறுத்தியபின்னும் பொறி உயர்வேகத்திலிருந்து இறங்க மறுக்கும். மெலிந்த கலவை கெட்டுப்போகும் முன் மிக இனிமையாக ஓடும் என்பதே இதில் உள்ள பொறி. வண்டி என்றுமில்லாத வேகத்தில் பறக்கும் அந்த ஓரிரு நிமிடங்களில் இணைப்புத்தண்டும் பிஸ்டனும் எண்ணெயின்றி உராய்ந்துகொண்டிருக்கும். எனவே உச்ச வேகம் கிடைத்த இடத்திலிருந்து ஊசியைச் சற்றுத் திறந்து, முழு வேகத்திலும் நீலம் கலந்த வெண்புகைக் கோடு தெரியும்படி விடுவது வழக்கம். தொடக்கநிலையாளருக்கு இப்புகைக் கோடே முதல் அளவுகோல்.

அடுத்தது கீழ்வேக ஊசி. பொறி மெதுவாக ஓடும்போது கார்புரேட்டருக்கு அருகில் எரிபொருள் குழாயை விரல்களால் கிள்ளிப் பிடிக்கவேண்டும். பொறி இரண்டு மூன்று நொடிகள் ஓடி, ஓட்டம் சிறிதே கூடி, பின் நின்றால் அமைப்பு சரியானது. வேகம் கூடாமல் உடனே நின்றால் மெலிவு; வெகுவாகச் சீறி ஏறிய பின் நின்றால் செறிவு. கிள்ளல் சோதனை எனப்படும் இதற்கு எக்கருவியும் தேவையில்லை. இறுதியாக ஓய்வோட்டத் திருகைக் கொண்டு, பொறி நிலையாக ஓடும், ஆனால் கிளட்ச் பிடித்து வண்டியை நகர்த்தாத வேகத்தை அமைக்கவேண்டும். பொறி அடிக்கடி நிற்கிறது என்பதற்காக முதலிலேயே இத்திருகை முடுக்கிவிடுவது பரவலான தவறு. ஊசிகளின் பிழையை அது மறைத்துவிடுகிறது.

வெப்பநிலை

குளோ பிளக்கின் அடிப்பகுதியில் அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்கும்போது சுமார் 93 முதல் 132 °செ வரை இருப்பது இயல்பு. வெப்பமானி இல்லாதோர் பொறியின் தலையில் ஒரு துளி நீரை விடுவர். அது சில நொடிகள் கொதித்து மறைந்தால் குறையில்லை. பட்டவுடன் சீறித் தெறித்தால் பொறி அளவுமீறிச் சூடாகியுள்ளது. எனினும் ஒரு குறிப்பிட்ட எண்ணை எட்டவேண்டும் என்பதற்காக ஊசியைத் திருப்புவது தவறான முறை. ஒரே கலவை குளிர்காலக் காலையில் ஓர் அளவையும் கோடை நண்பகலில் வேறோர் அளவையும் காட்டும். புகை, ஓசை, வேகம் மூன்றும் சரியாக இருக்கையில் வெப்பநிலை எல்லை தாண்டவில்லை என்று உறுதிசெய்வதற்கே வெப்பமானி.

வானிலை மாறினால் கலவையும் மாறும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது; அதில் ஆக்சிசன் கூடுதலாக இருப்பதால் ஊசியைத் திறக்கவேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிக்க நாளிலும் உயரமான மலைப்பகுதியிலும் சற்று மூடவேண்டும். மாலையில் சரியாக அமைத்த வண்டியை மறுநாள் விடியற்குளிரில் அப்படியே முழு வேகத்தில் ஓட்டுவது ஆபத்தான பக்கத்தில் கொண்டுபோய் விடும்.

திருகுகளால் தீராத கோளாறுகள்

ஊசியை எவ்வளவு திருப்பியும் பொறி ஒரு நாள் ஓடுவதுபோல் மறுநாள் ஓடாவிட்டால், குற்றம் ஊசியில் இருப்பதில்லை. முதலில் ஐயப்படவேண்டியது காற்றுக் கசிவு. கார்புரேட்டரின் கழுத்து, பொறியின் பின்மூடி, துளை விழுந்த எரிபொருள் குழாய் ஆகியவற்றின் வழியே அளவில்லாக் காற்று நுழைந்து கலவையை மெலியச் செய்யும். இன்னொன்று தொட்டியின் மூடி. புகைக்குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தொட்டிக்குச் சென்று, எரிபொருளை அழுத்தி அனுப்புகிறது. மூடியின் வளையம் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், தொட்டி நிறைந்திருக்கும்போது ஒருவிதமாகவும் குறையும்போது வேறுவிதமாகவும் பொறி ஓடும். சில காசு பெறும் இந்த வளையத்தால் புதுக் கார்புரேட்டர் வாங்கியவர்கள் உண்டு.

மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். திறந்து வைத்து நாட்பட்ட எரிபொருளில் எந்த அமைப்பும் நிலைக்காது. குளோ பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதும் பயன் தரும். சுருள் ஈரமாகப் பளபளத்தால் கலவை செறிந்தது. சாம்பல் நிறமாகி நெளிந்தோ அறுந்தோ இருந்தால் மெலிந்தது. பொறி சுழலாமல் முழுதும் இறுகிவிட்டால் உள்ளே எரிபொருள் நிரம்பியிருக்கக்கூடும். அப்போது கயிற்றை வலிந்து இழுத்தால் இணைப்புத்தண்டு வளையும். பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து, பொறியைச் சுழற்றி எரிபொருளை வெளியேற்றவேண்டும். அது பீறிட்டு வரும் என்பதால் முகத்தை அப்பால் வைத்துக்கொள்ள வேண்டும்.

மேம்படுத்தல்

முதல் மேம்பாடு வேகத்துக்கானது அல்ல. எண்ணெய் தோய்ந்த இரட்டை அடுக்கு நுரை வடிகட்டியும், அதனைக் கழுவி மாற்றும் பழக்கமும் மற்ற எல்லாவற்றுக்கும் முற்பட்டவை. மணலில் வடிகட்டி கழன்ற நிலையில் சில நிமிடம் ஓடிய பொறியில் பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையேயான இறுக்கம் அழிந்துவிடும். அதன்பின் எந்தத் திருகும் அதனை மீட்காது.

இரண்டாவது, பாதுகாப்பு நிறுத்தி. வண்டியிலுள்ள அலைவாங்கியின் மின்கலம் தீர்ந்தாலோ அலை தவறினாலோ, விசையை இயக்கும் சர்வோ கடைசியாக இருந்த நிலையிலேயே நின்றுவிடும். அந்நிலை முழு வேகமாக இருந்தால், கிலோக்கணக்கில் எடையுள்ள ஒரு பொருள் கட்டுப்பாடின்றி ஆட்களிடையே பாயும். 27, 75 மெகாஏர்ட்சு அலைகளைப் பயன்படுத்திய பழைய வண்டிகளில் இது அடிக்கடி நிகழ்ந்தது. பாதுகாப்பு நிறுத்தி இத்தகைய வேளையில் சர்வோவைத் தடை நிலைக்குக் கொண்டுவருகிறது. 2.4 கிகாஏர்ட்சு அமைப்புகள் பலவற்றில் இது உள்ளேயே அமைந்துள்ளது. அது இருப்பினும், கார்புரேட்டரை மூடிய நிலைக்கு இழுக்கும் ஒரு சிறு சுருள்வில்லைக் கூடுதலாகப் பூட்டுவது மலிவான காப்பு.

அதன்பின் உடையும் உறுப்புகள். டி-மேக்ஸ் வண்டியில் கிளட்ச் மணியின் பேரிங்குகளும் நெகிழிப் பல்சக்கரமும் தேயக்கூடியவை. புதிய பல்சக்கரத்தைப் பொருத்தும்போது இரு சக்கரங்களின் பற்களுக்கு இடையே ஒரு காகிதத் துண்டை வைத்து அழுத்திப் பூட்டி, பின் காகிதத்தை உருவிவிட்டால் சரியான இடைவெளி கிடைக்கும். பின்னோக்கு வசதியை நீக்கி முன்னோக்கி மட்டும் செல்லும்படி கியர்ப்பெட்டியை எளிமையாக்குவது டி-மேக்ஸ் உரிமையாளரிடையே புகழ்பெற்ற மாற்றம். உறுப்புகள் குறைவதால் எடையும் பழுதும் குறைகின்றன. பின்னோக்கி வர முடியாமையால் சுவரில் முட்டி நின்ற வண்டியை நடந்து சென்று எடுத்துவரவேண்டும்.

பளபளக்கும் அலுமினியக் கைகள் தொடக்கநிலையாளரை மிகவும் ஈர்ப்பவை. ஆனால் மோதலின்போது நைலான் கை வளைந்து மீளும். அலுமினியக் கை வளைந்தால் வளைந்ததுதான். அதிலும் கெட்டது, அது வளையாமல் அதிர்ச்சியை உள்ளேயுள்ள விலைமிக்க உறுப்புக்குக் கடத்துவது. பலர் இதனால் வலுவான நைலான் கைகளுக்கே திரும்புகின்றனர்.

வேகத்துக்கான மாற்றங்களில் மலிவானது பல்விகிதம். எடுத்துக்காட்டாக, 66 பற்கள் கொண்ட சக்கரத்தை 18 பல் கிளட்ச் மணி சுழற்றினால் விகிதம் 3.67, மணியை 20 பல்லாக மாற்றினால் 3.3. கணக்கின்படி உச்ச வேகம் 11 விழுக்காடு கூடும். ஆனால் பொறியின் சுமையும் வெப்பமும் கூடும். கிளம்பும் விசை குறையும். இசைவுப் புகைக்குழாய் இன்னும் நுட்பமானது. விரியும் பகுதியிலிருந்து திரும்பும் அலை எரிந்த வாயுவை வெளியே இழுக்கிறது. குறுகும் பகுதியிலிருந்து திரும்பும் அலை, வெளியேறத் தொடங்கிய புதுக் கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளுகிறது. புகைக்குழாயை மாற்றியவர் இரு ஊசிகளையும் தொடக்கத்திலிருந்து அமைக்கவேண்டும். பெரிய பொறி கடைசியில்தான் வரவேண்டும். அது வந்ததும் கிளட்ச், கியர், அச்சு, தடை என்று ஒவ்வொன்றாக உடையத் தொடங்கும் என்பதால், அதன் விலை பெட்டியில் எழுதியுள்ள விலை மட்டுமன்று.

பாதுகாப்பு

மெத்தனால், கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமாகும் அதே நச்சு. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. விழுங்கினால் மட்டுமன்றி, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உட்செல்லும். கையுறையும் கண்ணாடியும் அணிவதும், எரிபொருளைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், குடிநீர்ப் புட்டி போன்றவற்றில் மாற்றி ஊற்றாமல், அதன் கொள்கலத்திலேயே வைப்பதும் இன்றியமையாதவை. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குப் புலப்படாது. கார்பனோராக்சைடு வெளிவருவதால் மூடிய அறையில் பொறியை இயக்கக்கூடாது.

இயக்கும்போது முதலில் கையிலுள்ள அலைபரப்பியையும் பின்னர் அலைவாங்கியையும் இயக்கவேண்டும். அணைக்கும்போது வரிசை தலைகீழ். பொறியை அவசரமாக நிறுத்த எரிபொருள் குழாயைக் கிள்ளலாம் அல்லது புகைவாயைத் துணியால் அடைக்கலாம். ஓட்டி முடித்தபின் தொட்டியை வெறுமையாக்கி, பிளக்கின் துளைவழியே சில துளி ஓட்டப்பின் எண்ணெயை விட்டுப் பொறியைச் சுழற்றினால், தங்கிய மெத்தனால் இழுத்துவரும் ஈரத்தால் பேரிங்குகள் துருப்பிடிப்பது தடுக்கப்படும்.

எரிபொருள் கட்டுப்பாடுகளும் மின்வண்டிகளும்

நைட்ரோமீத்தேன் வெடிபொருள் தயாரிக்கவும் பயன்படக்கூடியது என்பதால் அதன் விற்பனை சில நாடுகளில் வரையறுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 98/2013 எண் கொண்ட ஒழுங்குவிதி, உரிமம் இல்லாத பொதுமக்களுக்கு எடையில் 30 விழுக்காடு என எல்லை வகுத்தது. அதற்குப் பதிலாக வந்த 2019/1148 எண் கொண்ட விதி, 2021 பெப்ரவரி 1 முதல் இவ்வெல்லையை 16 விழுக்காடாகக் குறைத்தது. நைட்ரோமீத்தேன் மெத்தனாலை விடக் கனமானது என்பதால், எடையில் 16 என்பது கொள்ளளவில் அதனினும் குறைவே. 25 விழுக்காட்டு எரிபொருளுக்கு அமைத்த பொறியை இதற்கு மாற்றும்போது ஊசிகளைச் சற்று மூடவேண்டும். சில பொறிகளில் உருளைத்தலையின் கீழுள்ள மென்தகட்டு வளையம் ஒன்றை நீக்கி அழுத்தத்தைக் கூட்டுவதும் உண்டு.

2000களின் பிற்பகுதியிலிருந்து தூரிகையற்ற மின்னோடிகளும் லித்தியம் பாலிமர் மின்கலங்களும் பரவியதால், வேகத்தை மட்டும் விரும்புவோர் பெரும்பாலும் மின்வண்டிகளை நாடினர். பழைய டி-மேக்ஸ், சாவேஜ் வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கும் தொடக்கநிலையாளர், முந்தைய உரிமையாளர் ஊசிகளை எங்கே விட்டுச்சென்றார் என்பதை நம்பாமல் ஆலை அமைப்பிலிருந்து தொடங்குவதும், குழாய்கள், தொட்டி மூடி வளையம், வடிகட்டி ஆகியவற்றை முதலிலேயே மாற்றிவிடுவதும் நல்லது. அத்தகைய வண்டியில் பிளக்கைப் பொருத்திய நிலையில் பறப்புச்சக்கரத்தைக் கையால் திருப்பும்போது மேலே இறுக்கம் சிறிதும் தென்படாவிட்டால், பிஸ்டனும் உறையும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.